'என்றால்', 'இல்லாவிட்டால்' – லிஸ்ப் மொழியில் நிபந்தனை எழுதப் பழகுவோம்



"பால் இருந்தா சாயா போடு, இல்லைன்னா கட்டன் போதும்" என்று அடுக்களையிலிருந்து வரும் கட்டளையைக் கேட்காத வீடு நாஞ்சில் நாட்டில் இராது. இந்தச் சிறிய வாக்கியத்தில் மூன்று உறுப்புகள் இருக்கின்றன. பால் இருக்கிறதா என்பது கேள்வி. பால் சாயா ஒரு வேலை, கட்டன் சாயா மற்றொரு வேலை. கேள்விக்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்து இரண்டில் ஒன்றுதான் நடக்கும். எவரும் இரண்டு சாயாவையும் போட்டு வைத்துவிட்டு, பிறகு பால் உண்டா என்று பார்த்து ஒன்றைக் கொட்டிவிடுவதில்லை. இந்தக் கடைசிச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கணிப்பொறி வரலாற்றில் அதற்கு ஒரு பெரிய இடம் உண்டு.

இவ்வாண்டு சனிக்கிழமைதோறும் எங்கள் கணிப்பொறி மன்றத்தில் லிஸ்ப் என்னும் மொழியைப் பழகி வருகிறோம். பைத்தான், சி முதலிய மொழிகளின் பெயர் பலருக்கும் தெரியும். "லிஸ்ப் எதற்கு?" என்று அண்ணன்மார் சிலர் கேட்டதுண்டு. சொற்கள் குறைவு, விதிகள் குறைவு, எனவே சிந்திக்கும் முறையை மட்டும் தனியே எடுத்துப் பழகலாம் என்பது எங்கள் அருட்சகோதரியின் கருத்து. பழகிய பிறகு எங்கள் கருத்தும் அதுவே.

இம்மொழியை வகுத்தவர் அமெரிக்கர் ஜான் மெக்கார்த்தி (1927–2011). 1957, 1958 ஆம் ஆண்டுகளில் அவர் ஐ.பி.எம். 704 என்னும் கணிப்பொறிக்காக, சதுரங்க ஆட்டத்தில் எந்தக் காயை எங்கே நகர்த்தலாம் என்று கண்டறியும் நிரல் ஒன்றை ஃபோர்ட்ரான் மொழியில் எழுதினார். அம்மொழியில் அன்று இருந்த 'இஃப்' அவருக்குப் பிடிக்கவில்லை. அது ஒரு எண் குறையெண்ணா, சுழியா, மிகையெண்ணா என்று பார்த்து, நிரலின் வேறொரு வரிக்குத் தாவச் சொல்லும். விடையாக ஒரு மதிப்பைக் கையில் தராது. ஆகவே மெக்கார்த்தி தாமே 'எக்ஸ்-இஃப்' என்று ஒரு செயல்கூறு எழுதினார். அதில் ஒரு கேள்வியையும் இரண்டு கணக்குகளையும் கொடுத்தால், கேள்வி சரியானால் முதற்கணக்கின் விடையும், தவறானால் இரண்டாவதன் விடையும் கிடைக்கும். ஆனால் ஃபோர்ட்ரானின் வழக்கப்படி அது இரண்டு கணக்குகளையும் முழுமையாகச் செய்து முடித்த பின்னரே ஒன்றைத் தேர்ந்தது. இரண்டு சாயாவையும் போட்டு ஒன்றைக் கொட்டிய கதைதான்! தேவையான ஒன்றை மட்டும் கணக்கிடும் உண்மையான நிபந்தனைத் தொடர் வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு அங்கேதான் பிறந்தது. அதற்கு இடம் தரும் புதுமொழியாக 1958இல் லிஸ்ப் உருவாகத் தொடங்கியது. 1960 ஏப்ரலில் அவர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை அதனை உலகிற்கு அறிவித்தது. அக்கட்டுரையில் தாளில் மட்டும் இருந்த ஒரு செயல்கூறைக் கணிப்பொறியிலேயே ஓடச் செய்யலாம் என்று கண்டு, கையாலேயே பொறிமொழியில் எழுதியவர் ஸ்டீவ் ரஸ்ஸல் என்னும் இளைஞர்.

நிற்க. இனிப் பாடத்திற்கு வருவோம்.

லிஸ்ப் மொழியில் எல்லாமே அடைப்புக்குறிக்குள் இருக்கும். உள்ளே முதலில் வருவது செய்ய வேண்டிய வேலை. பின்னால் வருபவை அந்த வேலைக்கான பொருள்கள். 2, 3 ஆகியவற்றைக் கூட்ட (+ 2 3) என்று எழுதுவோம். "வயது 80 அல்லது அதற்கு மேலா?" என்று கேட்க (>= வயது 80) என்று எழுதுவோம். புதிய செயல்கூறு ஒன்றுக்குப் பெயர் வைக்கும் சொல் 'டிஃபன்'. மதிய இடைவேளைக்கு முந்தைய பாடவேளையில் இச்சொல்லை முதன்முதல் கேட்டபோது வகுப்பே சிரித்தது. 'செயல்கூறை வரையறு' என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொற்களின் சுருக்கம் அது. டப்பாவுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

ஒரு குறிப்பு: டிஃபன், இஃப், காண்ட் போன்ற மொழிச் சொற்களைக் கணிப்பொறியில் ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும். படிக்க எளிதாக இருக்கட்டும் என்று இங்கே தமிழெழுத்தில் அச்சிட்டிருக்கிறோம். நாம் வைக்கும் பெயர்களைத் தமிழிலேயே தட்டினாலும், இக்கால லிஸ்ப் அவற்றை ஏற்றுக்கொள்கிறது.

சாயாக் கட்டளை இப்படி அமையும்:

(டிஃபன் சாயா ()
  (இஃப் (பால்-உண்டா)
      (பால்-சாயா)
      (கட்டன்-சாயா)))

இஃப் என்பதற்குப் பின் மூன்று இடங்கள். முதலாவது கேள்வி, இரண்டாவது 'ஆம்' என்றால் நடப்பது, மூன்றாவது 'இல்லை' என்றால் நடப்பது. 'பிறகு', 'இல்லாவிட்டால்' என்று இடையில் சொற்கள் இல்லை. இடமே பொருளைச் சொல்லிவிடும். அதனால்தான் புதிதாக எழுதுபவர் இரண்டாம் இடத்தையும் மூன்றாம் இடத்தையும் மாற்றி எழுதினாலும் கணிப்பொறி முறையிடாது. பால் இல்லாதபோது பால் சாயா போடப் போய்விடும்.

இரண்டு வழிகளுக்கு இஃப் போதும். வழிகள் பல இருந்தால் 'காண்ட்' வேண்டும். இதற்கு எடுத்துக்காட்டாக ஆட்டுக்குட்டி, ஆப்பிள் என்று கற்பனை செய்யாமல், நம் வீடுகளில் உள்ள ஒன்றையே எடுத்துக்கொண்டோம். மத்திய அரசு ஆறாவது ஊதியக் குழுவின் பரிந்துரையை ஏற்று, 2006 ஜனவரி 1 முதல், மூத்த ஓய்வூதியர்க்கும் குடும்ப ஓய்வூதியர்க்கும் வயதிற்கேற்பக் கூடுதல் தொகை தந்து வருகிறது. 80 வயது நிறைந்தால் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 விழுக்காடு, 85 நிறைந்தால் 30, 90க்கு 40, 95க்கு 50, நூறு நிறைந்தவர்க்கு முழுதாக 100 விழுக்காடு. (நூறு வயது வாழ்பவர்க்கு இரட்டை ஓய்வூதியம் என்பதை அறிந்தபோது எங்களுக்கு மகிழ்ச்சியாக இருந்தது.) இதனை எழுதுவோம்:

(டிஃபன் கூடுதல் (வயது)
  (காண்ட் ((>= வயது 100) 100)
          ((>= வயது 95) 50)
          ((>= வயது 90) 40)
          ((>= வயது 85) 30)
          ((>= வயது 80) 20)
          (டி 0)))

காண்ட் மேலிருந்து கீழே ஒவ்வொரு வரியாகக் கேட்டுக்கொண்டே வரும். எந்தக் கேள்விக்கு முதன்முதலில் 'ஆம்' கிடைக்கிறதோ, அந்த வரியின் விடையைத் தந்துவிட்டு நின்றுவிடும். அடுத்த வரிகளைத் திரும்பியும் பாராது. கடைசி வரியில் உள்ள 'டி' என்பது எப்போதும் 'ஆம்' என்னும் விடை. மேலே எதிலும் அகப்படாதவர் எல்லோரும் அங்கே வந்து சேர்வர்.

இப்போது வரிசையைத் தலைகீழாக்கி, 80 வயது வரியை முதலில் வைத்தால் என்ன ஆகும்? 92 வயதுப் பாட்டி வருகிறார். "80 அல்லது அதற்கு மேலா?" என்று முதல் கேள்வி. ஆம், மேல்தான். 20 விழுக்காடு என்று சொல்லிக் கணிப்பொறி வேலையை முடித்துவிடும். அவருக்கு உரிய 40 கிடைக்காது. நூறு வயதுத் தாத்தாவுக்கும் அதே 20தான். வரி ஒவ்வொன்றும் உண்மையைத்தான் சொல்கிறது, வரிசைதான் பொய் சொல்கிறது. பிழைச் செய்தி எதுவும் திரையில் வராது என்பதுதான் இதில் உள்ள அபாயம். பாதிக்கப்பட்டவர் கணக்குப் பார்த்துக் கேட்டாலொழிய வெளியே தெரியாது.

'டி' வரியை விட்டுவிட்டால் வேறொன்று நடக்கும். 79 வயதுள்ளவரின் கேள்விக்கு எந்த வரியும் ஆம் சொல்லாது. அப்போது லிஸ்ப் 'நில்' என்று விடை தரும். அது சுழி அன்று, 'ஒன்றுமில்லை' என்னும் பொருள். ஒன்றுமில்லாததை ஓய்வூதியத்தோடு பெருக்கச் சொன்னால் கணிப்பொறி மறுத்துவிடும்.

சரி, வயதைக் கொடுத்தால் விழுக்காடு வரும். வயதே சரியாகத் தெரியாவிட்டால்? இங்கேதான் எங்கள் பாடம் நாஞ்சில் நாட்டு மண்ணைத் தொட்டது.

எங்களுள் ஒருத்தியின் ஆச்சி குடும்ப ஓய்வூதியம் பெறுகிறவர். தாத்தா மத்திய அரசுப் பணியில் இருந்து மறைந்தவர். அவருடைய பழைய தாள்களில் ஆச்சியின் வயது உண்டு, பிறந்த தேதி இல்லை. இருந்த ஒரே சான்று ஆச்சியின் தகப்பனார் நெல் கணக்கு எழுதிய நோட்டு. அதில், "1120 மகரம் 10 பெண் பிறந்தது" என்று ஒரு வரி. பெரியவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள், இது கொல்லம் ஆண்டு. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் 1956 நவம்பர் 1ஆம் நாள் தமிழகத்தோடு இணைந்து குமரி மாவட்டம் ஆகும் வரை, திருவிதாங்கூர் வழக்கப்படி நம் முன்னோர் கொல்லம் ஆண்டையே எழுதினர். நம் வயல்களில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இன்றும் சொல்கிறோமே, அந்தக் கன்னியும் கும்பமும் இந்த ஆண்டின் மாதப் பெயர்களே.

மாமா ஒருவர் 1120 உடன் 824ஐக் கூட்டி 1944 என்றார். பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியர் 825ஐக் கூட்டி 1945 என்றார். ஓராண்டு வேறுபாடு. 1944 என்றால் 80 வயது 2024 ஜனவரியில் நிறைந்திருக்கும். 1945 என்றால் 2025 ஜனவரியில்தான். உரிய காலத்திற்கு முன்னே வாங்கிவிட்டால் பின்னால் திருப்பித் தர வேண்டிவரும். பிந்திக் கேட்டால் பன்னிரண்டு மாதக் கூடுதல் தொகைக்கு அலைய வேண்டும். ஆச்சிக்கோ மாதந்தோறும் மருந்துச் செலவே பெரிது.

இரண்டு பேர் சொன்னதிலும் பாதி உண்மை உண்டு என்பதுதான் வேடிக்கை. கொல்லம் ஆண்டு கி.பி. 825இல் ஆவணி மாதத்தில், அதாவது சிங்க மாதத்தில் தொடங்கியது. ஆகவே கொல்லம் 1 என்னும் ஆண்டின் முதல் நாலரை மாதம் 825இலும், மீதி 826இலும் விழும். ஆவணி முதல் மார்கழிப் பாதி வரை 824ஐக் கூட்ட வேண்டும். ஜனவரி பிறந்த பின் 825ஐக் கூட்ட வேண்டும். எது சரி என்பது மாதத்தைப் பொறுத்தது. அப்படியானால் இது நிபந்தனைதானே! சிங்கத்தை 1 என்றும், கன்னி 2, துலாம் 3, விருச்சிகம் 4, தனு 5, மகரம் 6 என்றும் எண்ணிக்கொண்டு எழுதினோம்:

(டிஃபன் ஆங்கில-ஆண்டு (கொல்லம் மாதம் நாள்)
  (காண்ட் ((< மாதம் 5) (+ கொல்லம் 824))
          ((> மாதம் 5) (+ கொல்லம் 825))
          ((< நாள் 16) (+ கொல்லம் 824))
          ((> நாள் 18) (+ கொல்லம் 825))
          (டி 'பஞ்சாங்கம்-பார்)))

மூன்றாவது வரியைக் கவனியுங்கள். "மாதம் தனுவாக இருந்து, நாள் 16க்குக் குறைந்தால்" என்று நீட்டி எழுதவில்லை. முதல் இரண்டு வரிகளையும் தாண்டி ஒருவர் இங்கே வந்திருக்கிறார் என்றால் அவருடைய மாதம் 5க்குக் குறைவும் அன்று, மிகுதியும் அன்று. எனவே தனுவாகத்தான் இருக்க வேண்டும். மேல்வரிகள் 'இல்லை' என்று சொன்னதும் ஒரு செய்திதான், அந்தச் செய்தி கீழ்வரிகளுக்கு இலவசமாகக் கிடைக்கிறது. காண்ட் எழுதுவதில் எங்களுக்கு மிகவும் பிடித்த இடம் இதுவே.

கடைசி வரி பற்றியும் சொல்ல வேண்டும். ஜனவரி முதல் நாள் பெரும்பாலும் தனு 17இல் வரும். ஆண்டைப் பொறுத்து ஒரு நாள் முன்பின் ஆகலாம். அந்த மூன்று நாள்களுக்கு ஏதோ ஓர் எண்ணைத் துணிந்து சொல்வதைவிட, பஞ்சாங்கத்தைப் பார்க்கச் சொல்வதே நேர்மை என்று எண்ணினோம். சொல்லுக்கு முன்னால் உள்ள ஒற்றைக் குறி, "இதைக் கணக்கிடாதே, சொல்லாகவே திருப்பிக் கொடு" என்று பொருள்படும்.

சோதனைக்காக முதலில் நாடறிந்த நாள் ஒன்றைக் கொடுத்தோம். குமரி மாவட்டம் பிறந்தது கொல்லம் 1132, துலாம் மாத நடுவில். (ஆங்கில-ஆண்டு 1132 3 16) என்று தட்டியதும் 1956 என்று வந்தது. அடுத்து ஆச்சிக்கு உரியது: (ஆங்கில-ஆண்டு 1120 6 10). திரையில் 1945. பங்கின் திருமுழுக்குப் பதிவேட்டிலும் பார்க்கச் சொன்னார்கள் வீட்டார். அதில் 1945 ஜனவரி 28, ஞாயிற்றுக்கிழமை என்று ஆங்கிலத் தேதி தெளிவாக இருந்தது. அந்தச் சான்றிதழே விண்ணப்பத்தோடு போயிற்று. கூடுதல் தொகை, வயது நிறையும் மாதத்தின் முதல் நாளிலிருந்தே உண்டு என்பதால், 2025 ஜனவரி 1 முதல் கணக்கு. "என் தகப்பனார் நெல்லுக்கு எழுதின நோட்டு, எனக்கும் வழி சொல்லிச்சே மக்களே" என்றார் ஆச்சி. அலுவலகம் ஏற்றது பதிவேட்டைத்தான், எங்கள் நிரலையன்று. எனினும் மாமாவும் ஆசிரியரும் ஏன் வேறுபட்டனர் என்பதை விளக்கியது நிரல்தான்.

மேலே 'நில்' என்று ஒரு சொல் வந்ததல்லவா? ஆங்கிலத்தில் அது இன்மையைக் குறிப்பது. லிஸ்ப் மொழியில் 'இல்லை' என்னும் விடைக்கும், உறுப்பே இல்லாத வெறும் பட்டியலுக்கும் அதுவே பெயர். தமிழில் படித்தால் 'நில்' என்று கட்டளையிடுகிறது! தற்செயல்தான், ஆனால் பொருத்தமான தற்செயல். பட்டியலில் எத்தனை பெயர்கள் உள்ளன என்று எண்ணும் இச்செயல்கூறைப் பாருங்கள்:

(டிஃபன் எண்ணு (பட்டியல்)
  (இஃப் (நல் பட்டியல்)
      0
      (+ 1 (எண்ணு (குடர் பட்டியல்)))))

'நல்' என்பது பட்டியல் வெறுமையா என்று கேட்கும். 'குடர்' என்பது தலையை நீக்கிய மீதிப் பட்டியலைத் தரும் (தலைப்பெயரைத் தருவது 'கார்'. இரண்டும் ஐ.பி.எம். 704 கணிப்பொறியின் உள்ளுறுப்புகளின் பெயர்ச் சுருக்கங்கள், நம் குடலோடு உறவில்லை). பட்டியல் வெறுமையானால் விடை 0. இல்லாவிட்டால் தலைக்கு 1, அதனோடு மீதியை எண்ணச் சொல்லித் தன்னையே மறுபடியும் அழைக்கிறது. ஒவ்வொரு முறையும் பட்டியல் ஒன்று குறைந்து, கடைசியில் 'நில்' வந்ததும் நிற்கிறது.

இங்கே எக்ஸ்-இஃப் போல இரண்டு பக்கங்களையும் கணக்கிடும் இஃப் இருந்திருந்தால்? பட்டியல் வெறுமையான பிறகும் அது மூன்றாம் இடத்தைக் கணக்கிடப் போகும். அங்கே மீண்டும் எண்ணு, மீண்டும் இரண்டு பக்கமும், மீண்டும் எண்ணு. முடிவே இராது. சாயாவைப் பொறுத்தவரை வீணாவது கொஞ்சம் தேயிலைதான், இங்கோ நிரலே முடியாது. ஒன்றை மட்டும் செய்யும் நிபந்தனை மெக்கார்த்திக்கு ஏன் அவ்வளவு தேவைப்பட்டது என்பது, எண்ணு எழுதிய பிறகுதான் எங்களுக்கு விளங்கியது.

தமிழ் இலக்கண வகுப்போடு இதை ஒப்பிட்டும் பேசிக்கொண்டோம். லிஸ்ப் வினையை முதலில் வைக்கிறது, தமிழோ வினையைக் கடைசியில் வைக்கிறது. ஆங்கிலத்தார் நிபந்தனைச் சொல்லை வாக்கியத்தின் தொடக்கத்தில் வைப்பர். நாம் 'வந்தால்', 'இருந்தால்' என்று வினையின் வாலில் 'ஆல்' என்று ஒட்டிவிடுகிறோம். கேள்வி முழுவதும் கேட்ட பிறகே அது கேள்வி என்று தெரிகிறது. இதனை உணர்ந்து தமிழுக்கே ஒரு கணிப்பொறி மொழி செய்தவர் முத்தையா அண்ணாமலை. அவருடைய மொழியின் பெயர் 'எழில்', அதைப் பற்றிய அவரது கட்டுரை 2009இல் வெளிவந்தது. அதில் கேள்வியை முதலில் அடைப்புக்குறிக்குள் எழுதி, அதன் பின்னால் 'ஆனால்' என்று வைப்பர். மறுவழிக்கு 'இல்லை', இறுதியில் 'முடி'. "வயது 80க்கு மேல் ஆனால்" என்று வாய்விட்டுப் படிக்கலாம். மாணவியர்க்கு எது எளிது என்று எங்களுக்குள் வழக்காடினோம். படிப்பதற்கு எழில், அடைப்புக்குறியை எண்ணிப் பழகியவர்க்கு லிஸ்ப் என்று தீர்ப்பாயிற்று. வழக்கு முழுதும் தீர்ந்தபாடில்லை.

விருப்பமுள்ள தோழியர்க்கு ஒரு பயிற்சி. திருத்தந்தை 13ஆம் கிரகோரி 1582இல் நாட்காட்டியைத் திருத்தினார். அவ்வாண்டு அக்டோபர் 4க்கு மறுநாள் அக்டோபர் 15 ஆயிற்று. அவர் விதித்தபடி, 4ஆல் மீதியின்றி வகுபடும் ஆண்டு லீப் ஆண்டு. ஆனால் 100ஆல் வகுபட்டால் அன்று. அதிலும் 400ஆல் வகுபட்டால் லீப் ஆண்டே. அதனால் 1900இல் பிப்ரவரிக்கு 28 நாள், 2000இல் 29 நாள். ஓர் ஆண்டைக் கொடுத்தால் 'ஆம்' அல்லது 'நில்' என்று சொல்லும் செயல்கூறைக் காண்ட் கொண்டு எழுதுங்கள். வகுத்தபின் வரும் மீதியைக் காண (மாட் ஆண்டு 4) என்று எழுத வேண்டும். நான்கு வரிகள் போதும். எதை மேலே வைப்பது என்று எழுதுவதற்கு முன் முடிவு செய்துகொள்ளுங்கள். எழுதிய பின் 1900, 2000, 2024, 2100 ஆகிய நான்கையும் கொடுத்துப் பாருங்கள். விடைத்தாளைக் கணிப்பொறி அறையின் கதவருகே உள்ள பெட்டியில் இடலாம்.